வெந்தாலும் போகாதது

மூன்றாவது முறையும் அதே எண் வந்தபோது மூத்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள்.

உணவையும் தண்ணீரையும் சோதிக்கிற அந்தக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. இந்த வாரம் வந்தவை ஊரை ஒட்டிய பெரிய ஏரியின் மீன்கள். தோலும் முள்ளும் நீக்கி, சதையைக் கூழாக அரைத்து, கரைப்பானில் குலுக்கி, தெளிந்ததை இயந்திரத்துக்குக் கொடுத்தாள். அவள் தேடியது, கறை பிடிக்காத துணியிலும் ஒட்டாத சட்டியிலும் தீயணைக்கும் நுரையிலும் சேர்க்கிற ஒரு ரசாயனத்தை. அது மக்காது, அழியாது. மீனுக்குள் போனால் மீனிலும், மீனைத் தின்றவர் இரத்தத்திலும் வருஷக்கணக்கில் குடியிருக்கும். அனுமதித்த அளவைப் போல் ஒன்பது மடங்கு இருந்தது.

முதல் தடவை தன்னையே சந்தேகப்பட்டாள். போட்டுவந்த மழைக்கோட்டிலும் அந்த ரசாயனம் உண்டு; அதிலிருந்து ஒட்டியிருக்கலாம். இரண்டாம் தடவை இயந்திரத்தைச் சந்தேகப்பட்டுக் கழுவி ஓட்டினாள். மூன்றாம் தடவை சந்தேகப்பட யாரும் மிச்சமில்லை.

அவள் தங்கையின் வீட்டுக்காரர் அந்த ஏரியில்தான் மீன் பிடிப்பார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். விடுமுறை நாளெல்லாம் கரையில் அசையாமல் நிற்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கொக்கு. இளையவள் கர்ப்பமாக இருந்த பத்து மாசமும் வாரம் இரண்டு தடவை அந்த மீன்தான். இப்போது குழந்தைக்கு நான்கு மாதம்; தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரம் இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வாடையே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவளை, பிள்ளைக்கு மூளை நன்றாக வளரும் என்று சொல்லிச் சொல்லித் தின்ன வைத்ததே மூத்தவள்தான்.

மேலாளரிடம் தாளை நீட்டினாள். அவர் கையெழுத்தில்லாமல் குப்பைக்கூடைகூட நகராது என்பதால் அவருக்கு முத்திரை என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. அரசுத் துறை பார்த்து அறிவிக்க இரண்டு வாரமாகும், அதுவரை விஷயம் வெளியே போகக்கூடாது என்றார். அதற்குள் எத்தனை வீட்டில் அடுப்பேறும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கும் புரியுது. ஆனா அரைகுறையா வெளிய போச்சுன்னா, அப்புறம் இந்த எண்ணையே யாரும் நம்ப மாட்டாங்க.”

அதையும் தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். மூன்றாம் நாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

தங்கை வீட்டில் மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. மோப்பம் பிடித்தே வந்துவிட்டாயா என்று இளையவள் சிரித்தாள். மூத்தவள் நேரே போய் அடுப்பை அணைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வாய் திறந்தவர், அன்று விடுப்பில் வீட்டிலிருந்த மாப்பிள்ளைதான்.

“தோலை உரிச்சிட்டு நல்லா வேக வெச்சா போயிடாதாக்கா?”

“கிருமின்னா சாகும். இது கிருமி இல்ல. வெந்தாலும் போகாது.”

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாமே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழந்தை பசியில் சிணுங்க ஆரம்பித்தது. இளையவளின் கை ரவிக்கைக் கொக்கியில் நின்றுவிட்டது.

“இப்ப நான் பால் குடுக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு.”

மூத்தவளுக்கு மீனின் கணக்குத்தான் தெரியும். “டாக்டரைக் கேக்கணும்,” என்றாள்.

“மீன் தின்னுன்னு சொன்னப்ப நீ யாரையும் கேக்கலியே.”

குழந்தை வீறிட்டது. கடைசியில் இளையவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். முதுகு குலுங்கியது. தொடப் போன மூத்தவளின் கையை மாப்பிள்ளை மெல்ல விலக்கினார்.

அன்று மாலையே அவர் ஏரிக்கரைக்குப் போனார். தூண்டிலோடு நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னார். தனக்கு மீன் சிக்காவிட்டால் கொக்கு இப்படியும் கதை கட்டுமா என்று சிலர் சிரித்தார்கள். சிலர் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மறுநாள் காலை துறை அலுவலக வாசலில் இருபது பேர் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். அதற்கடுத்த நாள் கரையில் எச்சரிக்கைப் பலகை வந்துவிட்டது.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் கேட்பதற்கு முன்பே, நான்தான் சொன்னேன் என்றாள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். மீன் சோதனையிலிருந்து அவளை எடுத்துவிட்டார். ஆனால் எண் சரிதானா என்று மேலிடத்தில் கேட்டபோது, மூன்று முறை சோதித்தது, சந்தேகமே இல்லை என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டிருந்தார்.

வேலை போகவில்லை. தங்கைதான் போய்விட்டாள் போலிருந்தது. மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. மூத்தவள் வீட்டில் விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள். குழந்தை அழுகிற சத்தம் தெருவில் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினாள்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் இளையவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. தன் இரத்தச் சோதனை முடிவு வந்துவிட்டது, அளவு கூடத்தான் இருக்கிறது என்றாள். பாலை நிறுத்த வேண்டாம், அதன் நன்மைதான் பெரிது, அந்த மீனைத்தான் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். வெளியேற்ற மருந்து கிடையாதாம். மெல்ல மெல்லத் தானாகக் குறைய வேண்டுமாம்.

“பாதியாக் குறைய எவ்வளவு நாளாகும்? டாக்டர் பூசி மெழுகிட்டார். நீ சொல்லு.”

மூத்தவள் மறைக்கவில்லை. “மூணு, நாலு வருஷம். சிலருக்குக் கூடவும் ஆகலாம்.”

“அப்ப இவ பள்ளிக்கூடம் போற வயசு.”

“ஆமா.”

அந்தப் பக்கம் குழந்தை எதையோ பார்த்துக் கலகலவென்று சிரித்தது.

“குப்புற விழறா இப்ப,” என்றாள் இளையவள். “உன்மேல கோபம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வா.”

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறுவரை பொறுக்க மூத்தவளால் ஆகவில்லை. சாயங்காலம் நேரே வேலையிலிருந்தே போய், தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள்.