தகரக் கொட்டகை ஜிம்

மாடி ஜிம்மின் படிக்கட்டுக்குக் கீழே நின்று, உத்திராபதி உடைந்த முன்பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தான். உதட்டு வீக்கம் இன்னும் வற்றவில்லை. உடைத்தவன் வேறு யாருமில்லை, அக்கா அனிதாவின் புருஷன் கிருஷ்ணமூர்த்தி. லாரி டிரைவர், உடையார்பாளையத்தில் வீடு. லோடு இறக்கிவிட்டு வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், அப்புறம் அக்காவை அடிப்பான். எதுக்கு மாமா அடிக்கிறீங்க என்று கேட்கப்போன உத்திராபதியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தெருவே பார்க்க அடிபம்பில் மோதினான். பல் பாதி உடைந்து அங்கேயே விழுந்தது. "ஒடம்ப ஏத்திக்கிட்டு வா மாப்ள, பேசிக்கலாம்" என்று சிரித்தான். தெருவும் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் உத்திராபதியை அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

மாடியில் அல்தாப் மாஸ்டர் இருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு, சம்பாதித்ததை மெஷின்களாக வாங்கி இறக்கியிருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் உத்திராபதி தன்னைப் பார்த்துக்கொண்டான். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு மூட்டை ஏற்றும் உடம்பு. நாளெல்லாம் சுமந்ததில் தோளில் காய்ப்பு ஏறியிருந்ததே தவிர சதை ஏறவில்லை. டீயும் பன்னும் தின்றால் எங்கிருந்து ஏறும்?

"எதுக்குத் தம்பி ஒடம்பு ஏத்தணும்?"

"ஒருத்தன அடிக்கணும்."

பொய் சொல்லக்கூடத் தெரியாத பயல். அல்தாப் அவன் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக்கு இங்க மெஷின் இல்ல. மொதல்ல தண்டாலும் பஸ்கியும்தான், இரும்பத் தொட வுடமாட்டேன். கோவம் அடங்கட்டும், அப்பறம் வாங்க. இன்ஷா அல்லா சேத்துக்கறேன்."

கோபம் அடங்கிவிட்டால் அப்புறம் ஜிம் எதற்கு? உத்திராபதி விடுவிடுவென்று படியிறங்கினான்.

ரயில்வே கேட்டைத் தாண்டி மரக்கடைக்குப் பின்னால் இருந்தது வெள்ளைச்சாமியின் தகரக் கொட்டகை. பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றிக் காயவைத்து, அதைக் கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி கிடையாது. வெள்ளைச்சாமியும் அதே கேள்வியைத்தான் கேட்டான். அதே பதிலைக் கேட்டதும் தோளில் ஓங்கித் தட்டி, "நம்ம ஆளுடா" என்றான். அவ்வளவுதான், அந்த வார்த்தையில் பயல் விழுந்துவிட்டான்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எடை தூக்கி முடித்ததும் புது ஆள் நடுவில் நிற்கவேண்டும். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வயிற்றில் குத்துவார்கள். முதல் நாள் உத்திராபதி வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தான். சிறுநீரில் ரத்தம் போனது. மூட்டை இடித்துவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்தான்.

"கண்ண மூடாத. தாடைய நெஞ்சோட வை, பல்லக் கடி, மூச்சப் புடி. வயித்த இறுக்கு" என்பான் வெள்ளைச்சாமி. "அடி வர்றதுக்கு முன்னாடியே இறுக்கணும். வந்தப்பறம் இறுக்கி என்ன புண்ணியம்?"

சொல்வது சுலபம். கை ஓங்கினாலே கண் தானாக மூடிக்கொண்டது. ஆடியில் சேர்ந்தவன், தை பிறந்த பிறகுதான் அசையாமல் நின்றான். அன்றைக்கே அவனைப் பழைய ஆட்களோடு சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வந்திருந்த ஒரு காலேஜ் பையனை அவன் குத்தினான். பையன் மடங்கி விழுந்தான். உத்திராபதிக்கு அது இனித்தது. இரவு சோறு உண்ணும்போதும் இனித்துக்கொண்டே இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உடையார்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினான். கிருஷ்ணமூர்த்தி கைலியும் பனியனுமாக வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள! ஆம்ஸெல்லாம் பலமா..."

மிச்சத்தைச் சொல்ல வாய் இல்லை. உத்திராபதியின் முதல் குத்தில் தாடை ஒரு பக்கம் போயிற்று. பனியனைப் பிடித்து இழுத்துப்போய் அதே அடிபம்பில் மோதினான். மூக்கு உடைந்து கைலியெல்லாம் ரத்தம். பிறகு வயிற்றில் குத்தினான். முஷ்டி பிசைந்த மாவுக்குள் போவதுபோல உள்ளே போனது. அடி வாங்கியே பழகாத வயிறு. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தபோது ஆத்திரம் இன்னும் ஏறியது. இந்தத் தடவை தெரு சிரிக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையைத் தட்டிவிட்டு உத்திராபதி மறுபடி ஓங்கினான்.

"தம்பி, வேணாம்டா! செத்துடுவாருடா!"

அக்கா ஓடிவந்து குறுக்கே நின்றாள். அதற்குள் கை கிளம்பிவிட்டிருந்தது. முழுப் பலத்தோடு அவள் வயிற்றில் இறங்கியது.

அனிதா விழவில்லை. ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. கண் திறந்தே இருந்தது. தாடை நெஞ்சோடு ஒட்டி, பல் கடித்து, மூச்சு நின்றிருந்தது. மழையில் நனைந்து இறுகிப்போன சிமெண்டு மூட்டையில் குத்தியதுபோல் உத்திராபதியின் விரல்முட்டிகள் வலித்தன. அவனுக்கு ஆடியிலிருந்து தை வரை ஆயிற்று, இப்படி நிற்க.

மெதுவாக, வாய்வழியாக, பழைய ஆட்கள் விடுவதைப்போலவே அவள் மூச்சை விட்டாள். பின்னால் அடிபம்பின் ஓரம் கிருஷ்ணமூர்த்தி முனகிக்கொண்டிருந்தான்.

"அக்கா..." உத்திராபதிக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தோளைத் தொடக் கையைத் தூக்கினான்.

அனிதாவின் தாடை மறுபடி நெஞ்சோடு சேர்ந்தது.