பல் விழுவதற்குள் ஒரு கேமரா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனசிலிருந்து ஊறி வந்ததில்லை. கேமரா வாங்கப் போன இடத்தில் என் கழுத்தில் வந்து விழுந்தது. எனக்கு ஒரு மிரர்லெஸ் கேமரா வேண்டும். மனசுக்குள் இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒன்று நல்ல கனம். சென்சார் பெரிது, மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்கும். இன்னொன்று கைக்கு அடக்கம். சென்சார் சின்னது, ஆனால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது. இரண்டையும் ஒப்பிட்டு உலகத்தில் உள்ள அத்தனை பேரும் வீடியோ போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தொலைத்துவிட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் கடைசியில் "எது வாங்குவது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகிறார்கள். என் தேவை என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தால் உங்கள் வீடியோவை ஏனய்யா பார்க்கிறேன்?

அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஒரு ஆளை உண்டாக்கி, அவன் கையில் இரண்டு கேமராக்களையும் கொடுத்துவிட வேண்டியது. கடைசியில் அவன் எதை எடுக்கிறானோ அதை நானும் வாங்கிவிடுவது. கதையும் ஆயிற்று, கேமராவும் ஆயிற்று.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மலையுச்சியில் பனி விலகிக்கொண்டிருந்தது. புகைப்படக் கலைஞன் தன் தோள்பையைத் திறந்து—"

வேண்டாம். எனக்கே மூச்சு வாங்குகிறது. மலை ஏறுகிறவன் எதை வாங்கினால் எனக்கென்ன?

இரண்டாவது முயற்சி:

"வங்கியில் வேலை பார்க்கும் அவர், ஒரு மாலை நேரத்தில்,"

கொட்டாவி வந்துவிட்டது. அவருக்கும்தான்.

மூன்றாவதாக வந்தவன் பல் செய்கிறவன். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவன் ஒரு லேபில் குனிந்து உட்கார்ந்து, அந்த அச்சுக்குப் பொருத்தமாகப் பல் செய்து கொடுப்பான். பல்லை வெள்ளை என்று நாம் சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அதை அவனிடம் சொன்னால் சண்டைக்கு வருவான். வெள்ளையில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் குட்டிக் குட்டி மாதிரிப் பற்களைக் கோத்த ஷேட் கார்டு ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பிடித்து ஒப்பிடுவதுதான் அவன் பிழைப்பே. எனக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா?

(பெயர் வைக்கலாம் என்று பார்த்தேன். அந்தத் தெருவில் எல்லாரும் அவனைப் பல்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். நான் எதற்கு நடுவில்? மரியாதை அந்தப் பெயரோடு சரி, எனக்கு அவன் அவன்தான்.)

3

பல்காரருக்கு ஒரு மனைவி. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். வீட்டிலும் கோபம் வந்தால் அந்தக் குரல்தான் வரும். அவன் குளியலறையில் நேரம் கடத்தினால், வெளியே நின்று, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இவர்களுக்கு ஒரு பெண். ஆறு வயசு. வீட்டில் வாண்டு என்பார்கள். வாண்டுவின் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. நாக்கால் தள்ளித் தள்ளி வித்தை காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அது விழறதுக்குள்ள நல்லதா ஒரு போட்டோ எடுங்க. முழுப் பல்லோட சிரிக்கணும்," என்றாள் மனைவி.

"எடுக்கலாம், எடுக்கலாம்."

"எடுக்கலாம்னு சொல்லியே இவ கல்யாண வயசுக்கு வந்துருவா. இந்தப் பல்லு போனா அந்த இடத்துல பெரிய பல்லு வரும். அப்புறம் சிரிப்பே வேற ஆயிடும். இந்தச் சிரிப்பு எனக்கு வேணுங்க. வேலை பாக்கற ரூம்ல, மைக் பக்கத்துல மாட்டி வெச்சுக்குவேன்."

சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பல்காரர் அதைக் கவனித்தான். கதையில் இதற்கு மேல் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு தாய்க்கு ஒரு சிரிப்பு வேண்டும். அது இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும்.

செல்போன் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். இருக்கிறது. ஆனால் அது பல்லைத் தானாகவே வெளுத்துக் காட்டிவிடுகிறது. "இது என் பொண்ணு பல்லா? சுண்ணாம்பு அடிச்ச சுவரு!" என்று பல்காரர் அத்தனையையும் அழித்துவிட்டான். தொழில்காரனோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

4

ஆகவே கேமரா. எந்தக் கேமரா? நான் பிடித்து வைத்திருக்கும் அதே இரண்டும்தான். (கதை என்னுடையது.) சனிக்கிழமை காலையில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து வந்தான். ஞாயிறு மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கனமானதற்கு மூத்தவன் என்றும் சின்னதற்கு இளையவன் என்றும் வாண்டு பெயர் வைத்தாள்.

வாண்டுவை ஜன்னலோரமாக ஸ்டூலில் உட்கார வைத்தான். வாயருகே ஷேட் கார்டைப் பிடித்தான்.

"ஈ சொல்லு."

"ஈ."

மூத்தவனில் ஒன்று. அதே இடம், அதே வெளிச்சம், இளையவனில் ஒன்று. ஜன்னல் திரையை மூடிவிட்டு மறுபடியும். விளக்கைப் போட்டு மறுபடியும்.

"அப்பா, நான் ஒரு தடவை சிரிக்கட்டுமா?"

"ஆடாதடா கண்ணு. சிரிச்சா உதடு வந்து பல்லை மறைக்குது."

இந்த இடத்தில் எனக்கு இவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? எழுதியதை அடித்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று பேனாவை மூடிவைத்தேன். பிறகு என்னையே பார்த்துக்கொண்டேன். இரண்டு கேமராவிலும் யாரோ சோதனைக்காக எடுத்த செங்கல் சுவர் படங்களைப் பெரிதாக்கி, செங்கல் செங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி நான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்க, காட்டுங்க."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"இளையவன் கொஞ்சம் மஞ்சளா காட்டறான். மூத்தவன்தான் சரியான ஷேடு. ஆனா விளக்கு வெளிச்சத்துல—"

"என்னங்க, எல்லாத்துலயும் பல்லு இருக்கு. சிரிப்பு எங்க?"

அவன் ஷேட் கார்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"நாளைக்கு எடுத்துடறேன்," என்றான்.

5

ஞாயிறு காலை வாண்டு ஆப்பிளைக் கடித்தாள். அவள் வாயை எடுத்துவிட்டாள். பல் ஆப்பிளிலேயே நின்றுவிட்டது.

பல்காரர் ஓடி வந்து என்ன செய்தான் தெரியுமா? நான் எழுதவில்லை, சத்தியமாக அவனாகவே செய்தான். ஆப்பிளை ஜன்னலோரம் வைத்து, மூத்தவனில் ஒன்று, இளையவனில் ஒன்று எடுத்தான்.

மனைவி பார்த்தாள். அறிவிப்புக் குரலில் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்த துணிகளை. தான் ஒரு வடிகட்டின முட்டாள் என்பது அப்போதுதான் பல்காரருக்கு உறைத்தது.

(இங்கே கதையை முடித்துவிடலாம். சோகமாக, கனமாக இருக்கும். விருதுகூடக் கிடைக்கலாம். ஆனால் நான் வாங்க வேண்டியது கேமரா.)

வாண்டுதான் வழி சொன்னாள். "அப்பா, நீதான் ஊருக்கெல்லாம் பல்லு செய்யறியே. எனக்கு ஒண்ணு செஞ்சு ஒட்டேன். போட்டோ எடுத்துட்டுக் கழட்டிடலாம்."

பல்காரர் ஆப்பிளைப் பார்த்தான். அளவு கையில் இருக்கிறது. நிறம் இரண்டு கேமராவிலும் இருக்கிறது. லேப் சாவி சட்டைப் பையில் இருக்கிறது. ஆப்பிளோடு வாசலைத் தாண்டி ஓடினான்.

6

மத்தியானத்துக்கு மேல் வந்தான். பல்லை லேப் மெழுகு கொஞ்சம் வைத்து ஒட்டினான். நிஜமாகவே நல்ல வேலை. எது பொய்ப் பல் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. வாண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

"அம்மாவைக் கூட்டிட்டு வா. அவளைப் பாத்துச் சிரி. ஆனா மெல்ல. ரொம்பச் சிரிச்சா பல்லு வந்துரும்."

மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அறையையே சுற்றிப் பார்த்தாள்: ஸ்டூல், ஷேட் கார்டு, மிச்ச மெழுகு, மேசைமேல் இரண்டு கேமராக்கள், நடுவில் வியர்த்து வழிந்துகொண்டு புருஷன், உதட்டை இறுக்கிக்கொண்டு பிள்ளை. அவளுக்கே தாங்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதலாம் நடைமேடையிலிருந்து இன்று காலை ஆப்பிள் வழியாகப் புறப்பட்டுச் சென்ற முன்பல்..."

வாண்டுவின் தோள் குலுங்கியது.

"ஐயோ, சிரிக்காத! சிரிக்காதடா கண்ணு!" என்று பல்காரர் கத்தினான்.

"...தவிர்க்க முடியாத காரணங்களால், மெழுகு மூலமாக மீண்டும் அதே நடைமேடைக்கு..."

"சிரிக்காதன்னு சொல்றேன்ல!"

சிரிப்புப் படம் எடுக்க இரண்டு கேமரா வாடகைக்கு எடுத்தவன் பேசுகிற பேச்சா இது? வாண்டு வெடித்தாள். பல் பறந்து போய் அம்மாவின் டம்ளரில் பொட்டென்று விழுந்தது. ஓட்டைப் பல்லோடு, கண் மூடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. இதற்கு முன்னால் அவள் இப்படிச் சிரித்ததே இல்லை.

அம்மா டம்ளரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். அவளும் அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்: "இதாங்க! இதான் எனக்கு வேணும்! எடுங்க, எடுங்க!"

பல்காரர் மேசைப் பக்கம் பாய்ந்தான். இரண்டு கைகளும் நீண்டன. நடுவழியில் நின்றன.

"எதுல?" என்றான்.

7

முடிவு, முதல் முயற்சி: மூத்தவனை எடுத்தான். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை—

இரண்டாவது: இளையவனை எடுத்தான். நேற்று முழுக்கப் பல்லைப் படம் பிடித்ததில் பேட்டரி—

மூன்றாவது: "இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, மகளின் சிரிப்பைக் கண்களாலேயே படம் பிடித்துக்கொண்டான்." சீ. இப்படி எழுதினால் அவன் மனைவி டம்ளரை என் தலையில் எறிவாள், எறியட்டும், நியாயம்தான். மைக் பக்கத்தில் அவன் கண்ணையா மாட்டிவைப்பாள்?

இவன் முடிவு செய்வான் என்று நம்பி இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் யார் முகத்தைப் பார்ப்பது?

உங்களைத்தான். இரண்டு கேமராக்களும் மேசைமேல்தான் இருக்கின்றன. மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டேன், பேட்டரிகளையும் மாற்றிவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். எது கனம், எது அடக்கம் என்றெல்லாம் முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள். வாண்டுவுக்கு மூச்சு வாங்குகிறது. சிரிப்பு குறைந்துகொண்டிருக்கிறது. வாயை மூடப் போகிறாள்.

அட, எதுவானால் என்ன, எடுங்கள்!