குறட்டை மைக்கில் கேட்ட வீடு

அந்தத் தூக்கப் பரிசோதனைக் கருவியின் மைக்கில் குறட்டை கேட்கவில்லை. படுத்திருப்பவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு கேட்டது. கம்பெனிக்காரர் டெமோவுக்காக அதைக் கொண்டுவந்து கிளினிக்கின் மாடியறையில் வைத்திருந்தார். கிளினிக் தொண்டை டாக்டரான தங்கையுடையது. அவளுடைய அக்கா அங்கேயே நர்ஸ். அவர் காட்டிய இரண்டு கருவிகளில் ஒன்றை வாங்க வேண்டும். சின்னது மணிக்கட்டில் கட்டுவது, விரலுக்கு ஒரு கிளிப், அவ்வளவுதான். நோயாளி வீட்டுக்கே கொண்டுபோகலாம். பெரியதற்குத் தலையெல்லாம் பசை தடவி வயர் ஒட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டி, கழுத்தில் மைக்கை ஒட்டவேண்டும். தங்கைக்குச் சின்னதன் மேல்தான் கண்.

பெரியதில் முதலில் படுத்தவர் வாட்ச்மேன். வேலை நேரத்தில் தூங்கியதற்காக இத்தனை வருடம் திட்டு வாங்கியவர், டாக்டரே தூங்கச் சொன்னதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் படுத்துவிட்டார். பக்கத்து அறை ஸ்பீக்கரில் தையல் மெஷின் ஓடியது. ஒரு பெண் பொத்தானைக் காணோம் என்று யாரையோ ஏசினாள். எழுந்தவரிடம் விசாரித்தபோது, "அம்மாதான். துணி தைப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வாசலுக்குப் போனார். கம்பெனிக்காரர் சங்கடப்பட்டார். "மைக்ல ஏதோ கோளாறு டாக்டர். நாளைக்கு வேற பீஸ் தர்றேன்."

அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை படுத்தாள். ஸ்பீக்கரில் அப்பா குறட்டை விட்டார். சிறுமிகளாக இருந்தபோது இருவரும் அதற்கு 'லாரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. லாரி மேடேறியது, நின்றது, வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலைதூக்குபவரைப் போல ஒரு திணறல். அக்காவின் சிரிப்பு போய்விட்டது. அவர்கள் பள்ளியில் படிக்கும்போது அப்பா தூக்கத்திலேயே இறந்துபோனார். நோய்நொடி இல்லாமல் போன புண்ணியவான் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

தங்கை எழுந்து, பசை ஒட்டிய தலையோடு பதிவைக் கேட்டாள்.

"அப்பாவுக்கு மூச்சு நின்னு நின்னு வந்திருக்கு, அக்கா."

"சத்தம் நின்னா நல்லா தூங்கிட்டார்னு நினைச்சோமே. நமக்கு என்ன தெரியும்?"

"யாருக்குமே தெரியலையே" என்றாள் தங்கை. மறுபடி போடச் சொன்னாள். இந்த முறை நின்ற இடங்களில் இருவரும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் வந்த புதுக் கருவியில் வெறும் குறட்டைதான் கேட்டது. டெமோ பீஸை விற்பதில்லை என்று கம்பெனிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கோளாறோட எனக்கு அதுதான் வேணும். ரிப்பேர் பண்ணிடாதீங்க" என்றாள் தங்கை.

நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வரச் சின்னக் கருவிகளும் பின்னால் வந்து சேர்ந்தன. பெரியது மாடியறையிலேயே இருந்தது. மனைவியைப் படுக்கவைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்ட மாமனாரின் குரலைக் கணவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்தக் கிளினிக்கில் அப்படித்தான் என்றார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் தலை நரைத்தது. கூட்டமில்லாத மதியங்களில் ஒருத்தி படுப்பாள், ஒருத்தி கேட்பாள்.

அப்படி ஒரு மதியம் தங்கை கண்விழித்து, "இன்னிக்கு யாரு?" என்று கேட்டாள்.

"அம்மா. பாத்திரம் கழுவிட்டு இருந்தா. சின்னவ எங்கேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சின்னவ தூங்குறான்னு சொன்னேன்" என்றாள் அக்கா, அவள் நெற்றியிலிருந்த வயரை மெதுவாகப் பிரித்தபடி.