கைச்சூடும் கால்புண்ணும்

கிள்ளானில் அந்த வரிசை வீட்டின் முன்கூடத்தில் தொலைக்காட்சி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. விஜயன் வலது காலை ஒரு நாற்காலியின் மேல் நீட்டிப் போட்டிருந்தான். அவன் மனைவி தனலெட்சுமி தரையில் உட்கார்ந்து, கண்களை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பாதத்துக்கு மேலே தொடாமல் பிடித்திருந்தாள். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண். காலில் போட்ட புதுச் சப்பாத்து கடித்த இடம்தான். கொப்புளமாகக் கிளம்பி, உடைந்து, இப்போது ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"சூடு தெரியுதாங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியலலா. உனக்கு?"

"என் கை கொதிக்குது. சக்தி நல்லா இறங்குது போல. வலி எப்படி இருக்கு?"

"வலியே இல்ல."

தனலெட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வலி போய்விட்டதாம், கையில் சக்தி இறங்குகிறதாம்! இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ளவனின் காலில் புண் இருந்தும் வலி இல்லை என்றால் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. விஜயன் கேரி தீவிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். டயரில் சின்னக் கீறல் தெரிந்தால்கூட லோரியைப் பட்டறையில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சொந்தக் காலுக்கு அந்த அக்கறை கிடையாது.

தனலெட்சுமி ஒன்றும் விவரம் தெரியாதவள் அல்ல. பங்சாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். மேலதிகாரியின் ஏச்சு, தினமும் ரயிலில் இடிபட்டுப் போய்வரும் அலுப்பு, தூக்கமில்லாத இரவுகள் என்று எல்லாம் சேர்ந்து அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கூட வேலை செய்தவள் ஒருத்திதான் பிரிக்பீல்ட்ஸில் கைவைத்துச் சக்தி கொடுக்கும் ரெய்க்கி செய்யும் லூசியிடம் அவளை அனுப்பிவைத்தாள்.

லூசி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இங்க வந்தா மனசு லேசாகும், நல்லாத் தூக்கம் வரும். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன். பிரஷர் மாத்திரைய மட்டும் நிறுத்தினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்தக் கதவு உனக்குத் திறக்காது."

அப்படியே நடந்தது. லூசி தலையிலும் தோளிலும் கைவைத்த சற்று நேரத்தில் தனலெட்சுமி குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாள். வாரா வாரம் சனிக்கிழமை போய்வந்தாள். மாத்திரையும் நிற்கவில்லை. வீட்டில் எரிந்து விழுவது குறைந்தது. இதில் என்ன குறை சொல்ல முடியும்? பரபரப்பில் வெந்து போகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் அமைதி கிடைத்தால் நல்லதுதானே.

கேடு வந்தது கிள்ளானில், கார்த்திகேசு நடத்திய ரெய்க்கி வகுப்பில். ஆளுக்கு வெள்ளை ஜிப்பா, நெற்றியில் பெரிய பொட்டு, பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்'. சனி ஞாயிறில் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் கையில் கொடுத்துவிடுவார். தானும் கற்றுக்கொள்ளலாமே என்று போன தனலெட்சுமி, அங்கே ரெய்க்கியோடு இன்னொன்றையும் கற்றுக்கொண்டு வந்தாள்.

"நோய் வெளிய போறப்போ கொஞ்சம் ஆட்டம் காட்டும்மா. காய்ச்சல் வரும், சீழ் வரும். அதெல்லாம் கழிவு. பயப்படக் கூடாது. மருந்து கொடுத்து அமுக்கிட்டா சக்தி எப்படி வேலை செய்யும்?" என்றார் கார்த்திகேசு. கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கை தட்டினார்களே, பாவிகள்! நோய் குறைந்தால் சக்தியின் பெருமை, கூடினால் கழிவு. எப்படி விழுந்தாலும் தன் பக்கம் விழுகிற மாதிரி பேசத் தெரிந்தவருக்கு எதற்குப் படிப்பு, எதற்குப் பொறுப்பு?

அந்தச் சமயத்தில்தான் விஜயனுக்குச் சப்பாத்து கடித்தது. அவனுக்கு அரசாங்கக் கிளினிக் என்றாலே வேப்பங்காய். காலையிலேயே போய் எண் வாங்கி உட்கார வேண்டும், சீனி கொட்டிய தே தாரிக் தேநீருக்காக டாக்டரிடம் திட்டு வாங்க வேண்டும். 'வீட்டுலயே டாக்டரம்மா இருக்கறப்போ கிளினிக் எதுக்கு?' என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சொல்லில் அவளும் குளிர்ந்து போனாள். அவனுடைய இனிப்புநீர் மாத்திரைகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. அவளுக்கு வைத்தியர் என்ற பெயர் ஆசை, அவனுக்குச் சோம்பல். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரு காலைத் தின்ன ஆரம்பித்தன.

புண்ணில் சீழ் வைத்தபோது அவள் கொஞ்சம் மிரண்டாள்தான். கார்த்திகேசுவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"ரொம்ப நல்ல அறிகுறிம்மா! விடாம கை வைங்க. நாங்க எல்லாரும் இங்கிருந்தே சக்தி அனுப்புறோம்."

அந்தச் சனிக்கிழமையும் தனலெட்சுமி வழக்கம்போல் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். லூசியின் மேசையில் படுத்துக்கொண்டு, பெருமை தாங்காமல் கணவனின் கால் கதையைச் சொல்லத் தொடங்கினாள். தலையில் இருந்த லூசியின் கைகள் சட்டென்று விலகின.

"வாடை அடிக்குதா?"

"கொஞ்சம் அடிக்குதுக்கா. கழிவு வெளியாகுதுன்னு மாஸ்டர் சொன்னாரு. காலையிலேருந்து குளிருதுன்னு போர்த்திக்கிட்டுப் படுத்திருக்காரு. எல்லாம் சரியாகிட்டு வர்ற அறிகுறிதானாம்."

"எந்திரி."

"அக்கா?"

"எந்திரிங்கறேன்ல! படுத்துக்கிட்டுக் கதை சொல்ற நேரமா இது? புத்தி கித்தி இருக்கா உனக்கு?" லூசி அதற்கு முன் குரல் உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. "கை கொதிச்சுதுன்னு சொன்னியே, அது சக்தியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவரு காலோட சூடு! உள்ள அழுகிட்டிருக்கு. வலி இல்லன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல தனம், உணர்ச்சி செத்துப் போச்சு!"

தனலெட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். "நீங்களும் ரெய்க்கி பண்றவங்கதானேக்கா…"

"ஆமா, பண்றேன். எனக்கு மார்புல கட்டி வந்தப்போ பயத்துல தூங்காம கெடந்தேன். இந்தக் கைதான் என்னைத் தூங்க வெச்சுது. ஆனா கட்டிய வெட்டி எடுத்தது டாக்டர். அது ரெண்டையும் போட்டுக் குழப்பினா நான் இன்னிக்கு உன் முன்னால நிப்பேனா? கிளம்பு, என் காடி கீழதான் நிக்குது, நானே ஓட்டுறேன்."

வழியெல்லாம் நெரிசல். தனலெட்சுமி அழுதுகொண்டே வந்தாள். லூசி பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "அழுகைய அப்புறம் வெச்சுக்க. அவருக்குப் போன் போட்டு சட்டைய மாட்டிக்கிட்டு இருக்கச் சொல்லு" என்றாள்.

வீட்டில் விஜயன் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தான். கால் கணுவரை சிவந்து வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் மனிதனுக்கு ஆஸ்பத்திரிக்கு மனம் வரவில்லை.

"லூசிக்கா, நீங்க பெரிய ஆளு. நீங்க ஒரு தடவ கை வெச்சா போயிடும்."

"வைக்கிறேன். உங்க கக்கத்துல வெச்சுத் தூக்குறேன். எந்திரிங்க!"

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு விரல்களை எடுத்தே ஆக வேண்டும், அதற்கு மேல் பரவியிருந்தால் பாதமும் போகும், இன்னும் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்று அவர் சொன்னபோது விஜயன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

அறுவைக்கு முன் விஜயன் பயத்தில் அவள் கையை விடவே இல்லை. தனலெட்சுமி தயங்கித் தயங்கி நர்சிடம் கேட்டாள். "நெத்தியில கை வெச்சுக்கலாமா, மிஸி? வேற ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"தாராளமா வைங்க ஆன்டி. காயத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க."

அவள் அவன் நெற்றியில் கை வைத்தாள். அவன் கையில் ஊசி வழியாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அவன் மூச்சு சீரானது, கண் சொருகியது. அந்தக் கைக்கு உரிய வேலை அதுதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன்? விரல்கள் போனது போனதுதான்.

பாதம் தப்பியது. இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில் கார்த்திகேசு பழக்கூடையோடு வந்தார். பின்னாலேயே மாணவர்கள் சிலர். கட்டிலைச் சுற்றி நின்று கைகளை நீட்டினார்கள். ஒருத்தர் தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்க ஆயத்தமானார்.

"பாத்தீங்களாம்மா! நாங்க அனுப்பின சக்தி வீண் போகல. விரலோட போச்சு, கால் தப்பிச்சுது. அடுத்த வகுப்புல இத நீங்க வந்து பேசணும்."

தனலெட்சுமி எழுந்து நின்றாள்.

"அடுத்த வகுப்பு எதுக்கு மாஸ்டர்? இங்கயே பேசுறேன்." போர்வையை விலக்கினாள். துணிக்கட்டின் நுனி குறைந்துபோய்த் தெரிந்தது. "படம் புடிக்கணும்னா இதப் புடிங்க. இது கழிவு இல்ல, என் வீட்டுக்காரர் விரலு! மருந்து சக்திய அமுக்கும்னு சொன்னீங்களே, இந்தக் கால அமுக்கிக் கொல்லப் பாத்தது எது? உங்க வாயி!"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, நம்பிக்கை குறைஞ்சா இப்படித்தான்…"

"போதும் நிறுத்துங்க!" பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜயன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "அவர மட்டும் சொல்லாத தனம். கிளினிக்ல உக்காரச் சோம்பல்பட்டு உன் கைக்குப் பின்னால ஒளிஞ்சவன் நான்."

"தப்பு எல்லாருக்கும்தான். டாக்டரம்மான்னு கூப்பிட்டதும் மயங்கிப்போனவ நான்தானே." அவள் மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கோங்க. ரெய்க்கி பொய்னு நான் சொல்ல வரல. எனக்குத் தூக்கம் கொடுத்துச்சு, இவரு பயத்தத் தணிச்சுது. ஆனா அது மனசுக்கு ஓய்வு, வியாதிக்கு மருந்து இல்ல. டாக்டர் கொடுக்கற மருந்தோட சேத்து வெச்சுக்கிட்டா ஆறுதல். மருந்த நிறுத்திட்டு அத வெச்சா, கட்டின புருஷனுக்குக் குழி தோண்டுறோம்னு அர்த்தம். மாத்திரைய நிறுத்துன்னு எவன் சொன்னாலும், அவன் எவ்வளவு பெரிய மாஸ்டரா இருந்தாலும், எந்திரிச்சு வந்துடுங்க!"

கார்த்திகேசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையில் நின்ற ஒரு பெண் வெளிறிப்போன முகத்தோடு வெளியே ஓடினாள். நடைவழியில் அவள் தொலைபேசியில் கத்துவது வார்டு முழுக்கக் கேட்டது.

"தாமரை, நம்ம அப்பாவோட இன்சுலின் ஐஸ்பெட்டியிலதான் இருக்கு. கிளினிக்குக்குப் போன் போட்டு என்ன பண்ணணும்னு கேளு. ஆமாடி, நான்தான் நிறுத்தச் சொன்னேன். தப்பு, தப்பு! இப்பவே கேளு!"