வெந்நீர் அலமாரியில் ஒரு யானைக்காது

1

இந்தக் கதையின் கதாநாயகியை நான் தின்றுவிட்டேன். தேங்காய்ப்பாலில் வெந்து வந்தாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். தொண்டை அரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அரிப்பு அடங்குமுன் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "இன்வர்கார்கிலின் தென்துருவக் காற்று, அன்று ஏனோ..." சீ, காற்றை வைத்துத் தொடங்காத எழுத்தாளன் உண்டா? வேண்டாம்.

இரண்டாவது: "தெயுயிலாவுக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை." இது போதும்.

2

உலகின் தென்கோடியில் இருக்கும் இந்த ஊரில் தெயுயிலா என் பக்கத்து வீட்டுக்காரி. முதியோர் இல்லத்தில் சமையல். அங்கிருக்கும் கிழவர்களின் வசவுகூட அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. கணவன் லாங்கிக்கு இறைச்சிக்கூடத்தில் வேலை. சாமோவா என்ற வெயில் தீவில் பிறந்த உடம்பு, இந்தக் குளிர் ஆகவே ஆகாது. அக்கா பெபே இருக்கும், குளிர் குறைந்த ஆக்லாந்துக்குப் போய்விடலாம் என்று தினம் ஒரு பாட்டம் புலம்புவான்.

கோடையில் அவர்கள் வேலியோரம் யானைக்காதுச் செடி ஆள் உயரம் நின்றது. (நம் சேம்பேதான். இங்கே குண்டானிலும் வேகும், தோட்டத்தில் அழகுக்கும் நிற்கும்.)

"இது குளிர்காலத்தைத் தாண்டட்டும், நானும் தாண்டுறேன்," என்றான் லாங்கி. "செத்துச்சுன்னா ஆக்லாந்து. பேச்சு மாறக்கூடாது."

"நீ மாறாம இரு, அது போதும்."

முதல் உறைபனியில் இலையெல்லாம் கருகின. தெயுயிலா தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி, வெந்நீர்த் தொட்டி இருக்கும் கதகதப்பான அலமாரியில் குளியல் துண்டுகளுக்கு நடுவே வைத்தாள். செடி பக்கக்கன்று ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. இருந்தது அந்த ஒற்றைக் கிழங்கு. அடிக்கடி அமுக்கிப் பார்ப்பாள். கெட்டியாக இருந்தால் அன்று முழுக்க வாயில் பாட்டு.

3

ஆகஸ்டில் (இங்கே அது கடுங்குளிர்காலம்) பெபே விருந்தாட வந்தாள். குளிக்கத் துண்டு தேடி அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு நடுவே சேம்பு! ஞாயிற்றுக்கிழமை வேறு. தேவாலயம் முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு தயார். நானும் போயிருந்தேன்.

"அண்ணி, இந்தக் கிழங்கு ஏது?"

"துண்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தியே, அதுதான். நான் என்ன திருடியா, ஒளிச்சு வைக்க?"

தெயுயிலா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பந்தயத்தில் ஜெயித்த லாங்கி தட்டைவிட்டுத் தலைதூக்கவில்லை.

[இந்த இடத்தில், "தம்பியைத் தன்னோடு இழுத்துக்கொள்ள பெபே வேண்டுமென்றே..." என்று எழுதி அடித்துவிட்டேன். வில்லி வேலை அவளுக்கு ஒட்டவில்லை.]

"எதுக்குடி இப்படி முழிக்கிற? தலை வாளியில இருக்கு."

"தலையா?"

"வயித்துக்குக் கிழங்கு, மண்ணுக்குத் தலை. தலையை எறியுற சாமோவாக்காரி இன்னும் பொறக்கலடி!"

சலவை அறை வாளியில், விரற்கடைக் கிழங்கோடு அரும்பு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.*

* பெபேயிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

4

முடிவுகள்:

அ) இலை விடுகிறது. தங்குகிறார்கள். [சர்க்கரை தூக்கல்.]

ஆ) அழுகுகிறது. சாமான் கட்டுகிறார்கள். [கை வரவில்லை.]

இ) பெபே ஊருக்குப் போன மறுவாரம் தெயுயிலா வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினாள். முன்னறையில் லாங்கி மண்டியிட்டு, அந்தத் தலை நட்ட தொட்டியை வடக்கு ஜன்னலில் (இங்கே வெயில் வடக்கிலிருந்துதான்) வெயில் விழும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தான். தொட்டியைச் சுற்றி அவனுடைய கம்பளித் தொப்பி.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. கால்ல இடிச்சுது, தள்ளி வெச்சேன்."

"தொப்பி?"

"எனக்கு வேர்க்குது."

ஆகஸ்டில், இன்வர்கார்கிலில்!  தெயுயிலா அடுப்படிக்குப் போய், கோகோவைக் காய்ச்சிக்கொண்டே, வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு.

இலை விட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை தின்றவன் சாட்சி எடுபடாது. அவர்கள் இருவரும் இப்போது வேலைக்குப் போயிருக்கிறார்கள். தொட்டி மேல் நிழல் ஏறியிருக்கும். நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், சற்று வெயில் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போங்கள்.