ஒரு சாண் தள்ளித் தொடு

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம், முற்றுப்புள்ளிகள் உட்பட. கதை கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மருமகள், கணக்கு டீச்சர், பள்ளி விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்து, "மாமா, காப்பி இருக்கா?" என்றாள். இருந்தது. குடித்துக்கொண்டே சொன்னாள்.

2

"கல்வி உலகில் ஒரு புதிய விடியல்..." (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

"அவள் கையில் மின்பேனா வாளைப்போல..." (அவள் கையில் எப்போதும் இருப்பது தலைவலித் தைலம்.)

நேராகவே சொல்கிறேன். வகுப்பில் தொடுதிரைப் பலகை ஒன்று. டீச்சர் மட்டும் எழுதினால் அது வெறும் சுவர், பிள்ளைகள் வந்து தொட்டால்தான் பாடம் என்பது அவள் கட்சி. அதனால் வரைபடப் புள்ளிகளைப் பிள்ளைகளே குறிக்கும்படி பாடம் அமைத்தாள். பலகைக்கு ஒரு கோளாறு: தொட்ட இடத்துக்கு ஒரு சாண் வலப்பக்கம்தான் புள்ளி விழும். சரிசெய்ய ஆள் கேட்டுக் கேட்டு அலுத்தவள், "ஒரு சாண் இடப்பக்கம் தள்ளித் தொடுங்கடா" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தொடுமளவு பழகிவிட்டார்கள்.

(கண்ணை மூடியதாக மருமகள் சொல்லவில்லை. ஆனாலும் சத்தியம்.)

3

அவள் பாடத்தைப் பார்க்கக் கல்வித்துறை ஆய்வாளர் வந்தார். பாடம் தேறினால் வகுப்பு அவளுக்கு. தேறாவிட்டால் அலுவலக நாற்காலிக்கு மாற்றம். முந்தின சாயங்காலம் அவள் கிளம்பியபின் மெக்கானிக் வந்து பலகையைச் சரிசெய்துவிட்டுப் போனதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

முதல் பிள்ளை தொட்டது. புள்ளி ஒரு சாண் இடப்பக்கம். அடுத்ததும் அப்படியே. வகுப்பே வரிசையாக வந்து, பிசகாமல் தப்புச் செய்தது.

"என்னம்மா, எல்லாரும் சொல்லிவெச்ச மாதிரி தப்பு பண்றாங்க?"

"சொல்லித்தான் சார் வெச்சேன்."

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "டீச்சர், எல்லாப் புள்ளியும் ஒரே அளவு தள்ளியிருக்கு! படம் அப்படியேதான் இருக்கு, இடம்தான் மாறியிருக்கு!"

அது அடுத்த மாதம் நடத்தவேண்டிய பாடம்.

(இந்தப் பெண்ணை நான் நம்பவில்லை. "நிஜமாவே சொன்னாளா?" என்றேன். "சொன்னா மாமா. நீங்க எதையும் கூட்டிடாதீங்க.")

4

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். அவர் எழுந்து தானும் ஒரு புள்ளி தொட்டதாக முடிக்கலாம். 'பலகையைக் கையாளத் தெரியவில்லை' என்று எழுதியதாகவும்...

"என்னம்மா எழுதினாரு?"

மருமகள் தூங்கிவிட்டிருந்தாள், செருப்போடு. எழுப்ப மனம் வரவில்லை. அவர் எழுதியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; அவள் விழிப்பதற்குள்.

ஒரு தகவல் மட்டும், இதுவும் சத்தியம். அந்தப் பலகை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. தலைமையாசிரியர் அறையில் அதன்மேல்தான் டீ டம்ளர் வைக்கிறார்கள்.