செங்கோடன் மூஞ்சிக்கு வந்த கிராக்கி

இப்போதெல்லாம் மனிதர்களுக்குச் சொந்த மூஞ்சி போதவில்லை, அடுத்தவன் மூஞ்சியைக் கோப்பையில் அச்சடித்து அதில் டீ குடிக்கிறார்கள் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி பொருமிக்கொண்டே சேலம் வந்து இறங்கினார் செங்கோடன். அந்த அடுத்தவன் அவர்தான்.

போன வருஷம் ஓவியர் கலையரசன் எடப்பாடிக்கு வந்து அவரை உட்காரவைத்து வரைந்தார். எதையாவது திருடிக்கொண்டு போய்விடப் போகிறான் என்று மூன்று மணி நேரமும் செங்கோடன் முறைத்தபடியே இருந்தார். அந்த முறைப்பு அப்படியே படத்தில் இறங்கி, சேலத்து ஓவியக் காட்சியகத்தில் தொங்கியது. பிறகு அங்குள்ள கடையில் கோப்பை, பை, மாட்டும் அட்டை என்று எல்லாவற்றிலும் ஏறியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நேற்றுப் பார்த்தால், சம்பந்தி கட்டும் புது வீட்டின் முன்னால், பூசணிக்காய்க்குப் பக்கத்தில், திருஷ்டிக்கு அவர் மூஞ்சி! அடுத்த மாதம் அங்கே பால் காய்ச்ச ஊரே வரும். அதற்குள் இந்த அட்டையை ஒழித்தாக வேண்டும்.

கடைக்காரப் பெண் அனிதா அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"அய்யோ, படத்துல இருக்கறவருங்களா! ஒரு செல்பி எடுத்துக்கட்டுங்களா?"

"செல்பியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். என்ற மூஞ்சிய வித்தது போதும், எடுத்து உள்ள போடு அம்மணி."

"எப்படிங்க தாத்தா? கப்பு, பையெல்லாம் தூசி புடிச்சுக் கெடக்குது. அட்டை மட்டும் பறக்குதுங்க. ஊடு கட்டறவங்க, போர் போடற ரிக் வண்டிக்காரங்க எல்லாரும் வாராங்க. உங்கள மாட்டுனா கண்ணே படறதில்லீங்களாம்."

"என்ற கண்ணு படுமே, அதுக்கு என்ன பண்ணுவாங்களாம்?"

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தார் கலையரசன். "கோவிச்சுக்காதீங்க. ஒருக்கா சிரிங்க, வரைஞ்சுக்கறேன். அதப் போட்டுட்டு இத எடுத்தர்றேன். சிரிச்ச மூஞ்சிய யாருங்க திருஷ்டிக்குக் கட்டுவாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. செங்கோடன் ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கமில்லாத வாயை இரண்டு பக்கமும் இழுத்தார். இருந்த மூன்று பல்லும் வெளியே வந்தன. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பென்சிலோடு நின்ற கலையரசன் ஓரடி பின்வாங்கினார்.

அட்டை வாங்க வந்த கொத்தனார் வீரபாகு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு சுவரோரமாகவே நகர்ந்து அனிதாவிடம் வந்தார்.

"பழசு வேண்டாம் பாப்பா. இது எப்ப அச்சாகி வரும்? நாலு மாடிக்கு வேணும்."

"ஆறடிக்குப் போட்டரலாமுங்களா?" என்றாள் அனிதா.

செங்கோடன் பட்டென்று வாயை மூடினார்.

"கோவப்படாதீங்க, ஊரையே காப்பாத்தறீங்க" என்றார் கலையரசன்.

"மொறச்சாலும் விக்கறான், சிரிச்சாலும் விக்கறான். இதுல ஊரக் காப்பாத்தறேனாம்! போய்யா!"

துண்டால் முகத்தை மூக்குவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.